புதுப்பையனை டீமில் எடுக்கலாமா?

ஃபேண்டஸி ஆடும் நம்மாட்கள் புதுமுகத்தின் பேரைப் பார்க்கிறார்கள். எத்தனை பந்து அவன் கைக்கு வரும் என்று யாரும் எண்ணுவதில்லை.

எங்க ஊர் நாகலாபுரத்தில் எல்லார் டீமுக்கும் கேப்டன் நிதிஷ்குமார் ரெட்டிதான். விசாகப்பட்டினத்துப் பையன், ஆந்திராக்காரன் என்ற பாசம். பாசத்துக்கு பாயிண்ட் கிடையாதே! 2024 ஐபிஎல்லில் ஹைதராபாத்துக்காக 303 ரன் அடித்து, வளரும் வீரர் விருதும் வாங்கினார். 2025 ஜனவரியில் விலாப்பக்கம் காயம். அந்த ஐபிஎல்லில் பந்துவீச்சு பேருக்குத்தான், ரன்னும் 182. ஆல்ரவுண்டர் என்று எடுத்தவர்களுக்கு அரை ஆள்தான் கிடைத்தார். கேப்டனுக்கு இரட்டைப் பாயிண்ட் வேறு, அடியும் இரட்டை.

இங்கே அமெரிக்காவில் ஆபீஸ் லீகில் டைட் எண்ட் கதையும் இதுதான். தடுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். முதல் வருஷமே தேறுபவன் அபூர்வம். 2024-ல் ரெய்டர்ஸின் ப்ராக் பவர்ஸ் 112 பந்து பிடித்து புதுமுகங்களுக்கான சாதனை வைத்தார். திறமைசாலிதான். ஆனால் சீசன் நடுவே டவான்டே ஆடம்ஸ் வேறு அணிக்குப் போய்விட, பந்தெல்லாம் இவர் பக்கம் வந்ததே, அதையும் சொல்லணும்.

ஆபீஸ் லீகில் தோற்றால் கேலியோடு போச்சு. ஊரில் அப்படியில்லை. ஆந்திராவில் 2020-லேயே காசு கட்டி ஆடத் தடை, பசங்க பைக்கில் ஊத்துக்கோட்டை வந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள் நின்று டீம் போட்டார்கள் :-) 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்ததும் அந்த வழியும் அடைந்தது. சித்தப்பா பையனின் சம்பளம் அதற்குள் எவ்வளவு போனதென்று சித்திக்கு இன்னும் தெரியாது.