பிள்ளை துப்பும் மரக்கறிக்கு யார் கணக்குக் கொடுப்பது?

சென்ற மாதம் எங்கள் மாதர் குழுக் கூட்டத்தில் பேசவேண்டியிருந்தது கொழுந்து நிறுவையைப் பற்றி. பேசி முடித்ததோ வேறு விடயம். கைப்பிள்ளையோடு வந்திருந்த ஒரு தங்கச்சிதான் தொடங்கி வைத்தார். அவருடைய மூன்று வயது மூத்த பிள்ளை மரக்கறியைத் தொடுவதே இல்லையாம். "என்னத்த செய்றது டீச்சர், ரொட்டிய தேத்தண்ணியில தோச்சுக் குடுத்தா திங்குது. கரட்டு ஒரு துண்டு கண்ணுல பட்டுச்சுன்னா மொத்தத்தையும் துப்பிருது" என்றார். அவ்வளவுதான், ஆளுக்கொரு கதை வந்தது. ஒருவர் வீட்டில் போஞ்சி ஆகாது, இன்னொருவர் வீட்டில் கீரை என்றாலே அழுகை. "எங்க வீட்ல புள்ள மட்டுமா, புள்ளயோட அப்பனுக்கும் ஆகாது" என்று ஒரு அக்கா சொல்ல, கூட்டம் சிரித்து அடங்கவே நேரம் போய்விட்டது. நிறுவை விடயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

இதை நாம் பாடசாலையிலும் தினமும் பார்க்கிறோம். முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கும்போது, சோற்றுக்குள் கிடக்கும் போஞ்சித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைப்பார்கள். அந்தப் பொறுமையில் பாதியை எழுத்துப் பயிற்சியில் காட்டினால் நமக்கு வேலை மிச்சம்.

சம்பளம், வீடு, காணி என்று எழுதவேண்டிய சங்கப் பத்திரிகையில் பிள்ளை சாப்பிடாத கதை எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். 2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த குடிசன, சுகாதார மதிப்பீட்டை எடுத்துப் பாருங்கள். நாடு முழுவதும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் 100க்கு ஏறக்குறைய 32 பேர். மூன்றில் ஒன்று என்றே சொல்லலாம். இந்த உயரக் குறைவு மரக்கறியால் மட்டும் வந்ததல்ல. தாயின் இரத்தச்சோகை, முட்டை, பால், மீன் கிடைக்காதது, லயத்துக் குடிதண்ணீர், அடிக்கடி வரும் வயிற்றோட்டம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் ரொட்டியும் தேத்தண்ணியுமாகவே வளரும் பிள்ளையின் தட்டும் அதில் ஒரு காரணம். நமது பிள்ளைகளின் உயரம் சங்கத்தின் விடயம் இல்லையென்றால் வேறு எது சங்கத்தின் விடயம்?

மரக்கறிக்குப் பஞ்சமான ஊரிலும் நாம் இருக்கவில்லை. நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்து மண்ணில்தான் நாட்டுக்கே கரட்டும் லீக்ஸும் கோவாவும் பீட்ரூட்டும் விளைகின்றன. நமது லயத்துக்கு முன்னால் உள்ள பாதையில்தான் மூட்டை ஏற்றிய லொறிகள் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் இறங்குகின்றன. அந்த மூட்டைகளைக் கட்டுவதற்கு நமது ஆட்களே கைக்காசு வேலைக்குப் போகிறார்கள். அப்படியிருந்தும் டவுன் கடையில் நாம் வாங்கும் விலை வேறு. 2024 ஜனவரியில் கரட் ஒரு கிலோ 2000 ரூபாவைத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று நமது நாட்சம்பளம் 1000 ரூபா. ஒரு கிலோ கரட்டுக்கு இரண்டு நாள் பேர்!

இனி, பிள்ளை ஏன் துப்புகிறது என்பதைப் பார்ப்போம். அது பிடிவாதமும் இல்லை, தாயின் வளர்ப்புக் குறையும் இல்லை. இரண்டு வயதுக்குப் பிறகு ஐந்தாறு வயது வரைக்கும் தெரியாத சாப்பாட்டைக் கண்டு ஒதுங்குவது உலகத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் உள்ள குணம். தவழ்ந்து திரிந்த பிள்ளை நடக்கத் தொடங்கி, கண்ட இலையையும் காயையும் வாயில் வைக்கும் பருவத்தில் அந்தப் பயம் அதற்கு ஒரு காவல். கசப்பும் பெரியவர்களை விடச் சிறுபிள்ளைகளின் நாக்குக்குக் கூடுதலாகத் தெரியும். வல்லாரை நமக்கு ருசி, மூன்று வயதுக்காரனுக்கு அது மருந்து. இந்தப் பயம் போவதற்கு ஒரே வழி பழக்கம். பிள்ளைகளின் சாப்பாட்டை ஆராய்ந்தவர்கள் சொல்வது, ஒரே மரக்கறியை எட்டு முதல் பதினைந்து தடவை வரை, வற்புறுத்தாமல், வேறு வேறு நாட்களில் முன்னால் வைத்தால்தான் பல பிள்ளைகள் அதை ஏற்றுக்கொள்கின்றன என்பது. முதலில் பார்க்கும். பிறகு தொடும், நக்கும், துப்பும். அதற்கும் பிறகுதான் விழுங்கும். பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் நான்காம் தடவையோடு, "இதுக்கு இது பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அப்படி முடிவு கட்டும் தாயைக் குறை சொல்வது சுலபம். கொழுந்து நிறை குறைந்தால் மலையில் ஏச்சு, பிள்ளை நிறை குறைந்தால் கிளினிக்கில் ஏச்சு. இரண்டு தராசுக்கும் பதில் சொல்லுகிறவள் அவள் ஒருத்திதான். "நிறம் நிறமாக மரக்கறி கொடுங்கள், அம்மா" என்று வகுப்பெடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு பிள்ளைக்குக் கரட்டைப் பழக்க பத்துத் தடவை அது துப்பவேண்டும் என்றால், அந்தப் பத்துத் தடவைக்கும் யார் காசு கொடுப்பது? வசதியான வீட்டில் குப்பைக்குப் போகும் கால் கரட் ஒரு செலவே அல்ல. நமது வீட்டில் அது இன்னொரு பிள்ளையின் பங்கு. அதனால்தான் தாய், துப்பாது என்று நிச்சயமாகத் தெரிந்த ரொட்டியை மட்டும் கொடுக்கிறாள். அது அறியாமை இல்லை, கணக்குத் தெரிந்தவள் போடும் கணக்கு. 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவான அடிப்படைச் சம்பளத்தை வைத்துப் போட்டாலும் அந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

நமது பக்கத்துப் பிழைகளையும் ஒளிக்கக் கூடாது. முதலாவது தேத்தண்ணி. ஒரு வயதுப் பிள்ளைக்கே சீனி போட்டுப் போத்தலில் சாயம் கொடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. சீனித் தண்ணீர் பசியை அடக்கிவிடும், பிறகு கீரையை எப்படித் தின்னும்? அதோடு, தேயிலையில் உள்ள துவர்ப்பு சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவிடாது. நாட்டுக்கே தேயிலை பறித்துக் கொடுக்கும் நாம் அந்தச் சாயத்தாலேயே பிள்ளையின் இரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறோம். சின்னப் பிள்ளைக்குத் தேத்தண்ணி வேண்டவே வேண்டாம். பழகிவிட்டது, நிறுத்த முடியவில்லை என்றால் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னும் பின்னுமாவது கொடுக்காதீர்கள். கீரைக்கு இரண்டு சொட்டுத் தேசிக்காய் விட்டால், அல்லது சாப்பிட்ட கையோடு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தால், அந்த இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும்.

இரண்டாவது, லஞ்சம். "இந்தக் கீரையத் தின்னா பிஸ்கட் தாரேன்" என்று சொல்லும்போது நாம் பிள்ளைக்குப் படிப்பிப்பது என்ன? கீரை தண்டனை, பிஸ்கட் பரிசு. அடித்து ஊட்டுவதும் மூக்கைப் பிடித்துத் திணிப்பதும் அதைவிட மோசம். அப்படி ஊட்டிய சாப்பாட்டைக் கண்டால் பெரியவனான பிறகும் குமட்டும்.

எங்கள் வீட்டிலும் நான்கு வயதில் ஒருவன் இருக்கிறான். ஊருக்குப் படிப்பிக்கும் டீச்சர் வீட்டுப் பிள்ளை ஒன்றரை வருடமாகப் போஞ்சியைத் தொடவில்லை. அவனுக்கென்று தனியாகச் சமைத்து, ஒரு தட்டு நிறைய வைத்து, அவன் துப்ப, நாம் கத்த என்று பல மாதம் போனது. கடைசியில் அம்மாயி சொன்ன வழிதான் கைகொடுத்தது. "அதுக்குன்னு தனியா ஒண்ணும் வைக்காத. ஒன் தட்டுல இருந்து நகத்தளவு எடுத்து அது தட்டுல வையி. தின்னா தின்னட்டும், இல்லாட்டி நீயே எடுத்துத் தின்னு." நகத்தளவு போஞ்சி துப்பப்பட்டாலும் யாருக்கும் நட்டமில்லை. நாமும் கத்த வேண்டியதில்லை. எத்தனையாவது நாள் விழுங்கினான் என்று கணக்கு வைக்கவில்லை. ஒரு இரவு தட்டைப் பார்த்தால் போஞ்சி இல்லை, பாயிலும் இல்லை. கோவா இன்னும் ஆகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வழியில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. பெரியவர்கள் பக்கத்திலிருந்து தின்பதைப் பிள்ளை பார்க்கவேண்டும். காலையில் பிரட்டுக்கு ஓடும்போதும், பகலில் மலையிலிருந்து அவசரமாக வந்து போகும்போதும் அது நடக்காது. இரவுச் சாப்பாடு ஒன்றுதான் நமக்கு மிச்சம். அந்த ஒரு வேளையாவது பிள்ளையோடு ஒன்றாக உட்காருங்கள். அப்பாமாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். கருவாட்டை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மரக்கறியை ஒதுக்கும் அப்பாவைப் பார்க்கும் மகன் வேறு எதைப் பழகுவான்?

கரட்டைத் துருவி, கீரையை நறுக்கி ரொட்டி மாவில் பிசைந்துவிடும் தாய்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்லதுதான், வயிற்றுக்குப் போகிறது. தேங்காயோ எண்ணெயோ சேர்வதால் கரட்டின் சத்தும் உடம்பில் பிடிக்கும். ஆனால் ஒளித்துக் கொடுப்பதால் பிள்ளைக்கு மரக்கறி பழகிவிடாது என்பது நமது அபிப்பிராயம். மாவுக்குள் ஒரு பங்கு போகட்டும், தட்டில் கண்ணுக்குத் தெரிய ஒரு துண்டும் இருக்கட்டும். சின்னப் பிள்ளைக்குப் பச்சைக் கரட்டைத் துண்டாகக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கும். நன்றாக அவித்துக் கொடுங்கள்.

காசில்லாமல் கிடைப்பவற்றையும் மறந்துவிட்டோம். பூசணிக் கொழுந்து, சௌசௌ கொழுந்து, பொன்னாங்கண்ணி, வல்லாரை, மணத்தக்காளி எல்லாம் எழுபதுகளின் பஞ்சத்தில் நமது பாட்டிமாரைக் காப்பாற்றிய இலைகள். பஞ்சத்துச் சாப்பாடு என்ற வெட்கத்தாலேயே பிறகு பல வீடுகளில் அடுப்புக்கு வராமல் போயின. ஒரு எச்சரிக்கை. தேயிலை மலையில் களைநாசினி அடித்த இடத்துக் கீரையைப் பறிக்காதீர்கள். லயத்துப் பக்கம் நீங்களே போட்ட பாத்தியில் பறியுங்கள். பிள்ளையையும் கூட்டிப்போய்ப் பறிக்கச் சொல்லுங்கள். தான் தண்ணீர் ஊற்றியதை நாக்கில் வைத்துப் பார்க்கப் பிள்ளைக்கு ஒரு ஆசை வரும்.

இவ்வளவும் வீட்டில் செய்யக்கூடியவை. ஆனால் தாய் மலையில் நிற்கும் நாட்களில் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பங்கு கழிவது வீட்டில் அல்ல, பிள்ளைக்காம்பராவில். அந்தப் பத்துத் தடவை நடக்கவேண்டிய சரியான இடமும் அதுதான். பக்கத்திலுள்ள பிள்ளை தின்பதைப் பார்த்துத் தின்பது பிள்ளைகளின் இயல்பு. வீட்டில் தொடாத பூசணியை வகுப்பில் சினேகிதியோடு சேர்ந்து வழித்துத் தின்ற பிள்ளைகளை நாமே கண்டிருக்கிறோம். முப்பது பிள்ளைகளுக்கு ஒரே பானையில் சமைத்தால், ஐந்து பேர் துப்புவது எந்தத் தாயின் கணக்கிலும் விழாது. ஆனால் பல பிள்ளைக்காம்பராக்களில் இன்று நடப்பது, காலையில் தாய் கட்டிக்கொடுத்த அதே ரொட்டியை அங்கே பிரித்துக் கொடுப்பதுதான்.

எங்கள் தோட்டத்தில் இதைப்பற்றி நிர்வாகத்தோடு இரண்டு தடவை பேசினோம். பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னாலுள்ள துண்டு நிலத்தைப் பாத்தி போடத் தரலாம், விறகும் தரலாம் என்றார்கள். பானைக்கும் மரக்கறிக்கும் காசு இல்லையாம். சமைக்க ஒரு ஆளுக்குப் பேர் போடவும் முடியாதாம். நிலத்தை வாங்கிக்கொண்டோம், லீக்ஸும் போஞ்சியும் போட்டிருக்கிறோம். ஆனால் அதோடு திருப்திப்பட நாம் தயாரில்லை. தாய் பறிக்கும் கொழுந்தில் ஓடும் தோட்டத்தில், அவள் மலையில் நிற்கும் நேரத்துக்குப் பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாடு தோட்டத்தின் செலவில் சேரவேண்டும். அதைத் தாய்மார் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி சேர்த்துச் சமாளிக்கட்டும் என்று நம்மவர்கள் சிலரே சொல்வதை நாம் ஏற்கவில்லை.

எனவே தோட்டத் தலைவர்மாரும் மாதர் குழுத் தலைவிமாரும் அடுத்த லேபர் டேக்கு ஆபீசுக்குப் போகும்போது இதையும் எழுதி எடுத்துப் போகவேண்டும். போவதற்கு முன் உங்கள் பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு நாள் பகல் நேரத்தில் போய்ப் பாருங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள், அன்று தட்டில் என்ன இருந்தது என்று குறித்து மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். நிர்வாகத்தோடு பேசும்போது "பிள்ளைகளுக்குப் போசாக்கு இல்லை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, அந்தக் குறிப்பு கையில் இருந்தால் நல்லது.

எங்கள் மாதர் குழு அடுத்த மாதம் கூடுகிறது. நிறுவை விடயம் இன்னும் பாக்கி இருக்கிறது, நேரத்தோடு வாருங்கள்.