ஊரில் காணி, மும்பையில் கோலி: வாரிசு யார்?

தாராவியில் தோல் பட்டறையில் முப்பது ஆண்டுகள் உழைத்த ஒரு தோழர் காலமானார். அவர் விட்டுச் சென்றவை ஒரு கோலி, வங்கியில் கொஞ்சம் வைப்புத் தொகை, நெல்லைச் சீமையில் தம் பெயரில் வாங்கிய அறுபது சென்ட் நிலம். இங்கே மனைவியும் இரண்டு பெண் மக்களும்; ஊரிலே வயதான தாயார்.

வங்கிக்குப் போன அந்தச் சகோதரிக்கு முதல் அடி அங்கேயே விழுந்தது. கணக்குத் தொடங்கியபோது தோழர் மணமாகாதவர். நாமினியாகத் தம்பி பெயரைக் கொடுத்திருந்தார். பின்னர் மாற்றவில்லை. வங்கி தம்பியிடம் பணத்தைக் கொடுத்தது. தம்பியோ, "அண்ணன் எனக்குத்தானே எழுதி வைத்தார்" என்கிறார்.

வங்கி செய்தது சட்டப்படி சரி. தம்பி சொல்வது சட்டப்படி தவறு. வங்கிக் கணக்கின் நாமினி என்பவர் பணத்தை வாங்கும் கை மட்டுமே, பணம் வாரிசுகளுடையது. இதை 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. சேமநல நிதியில் இன்னும் ஒரு படி மேலே: குடும்பம் இல்லாத காலத்தில் பிறர் பெயருக்குக் கொடுத்த நியமனம், மணமானதும் செல்லாததாகிவிடும். ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015க்குப் பிறகு வேறு விதி. மனைவி, கணவன், மக்கள், பெற்றோர் நாமினியாக இருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே உரியது. இதை எழுதுபவன் ரயில்வேயில் குமாஸ்தா. பேரன் எடுத்த தொழிலாளியின் படிவத்திலும் செத்துப்போன தகப்பனார் பெயரே நாமினியாக இருக்கக் கண்டிருக்கிறேன்.

சரி, வாரிசு யார்? நம் தோழர் இந்து. உயில் எழுதாமல் இறந்தார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, இரண்டு மகள்கள், தாயார் ஆகிய நால்வருக்கும் காற்பங்கு. தம்பிக்கு ஒன்றுமில்லை. மாமியாருக்கும் பங்கா என்று இங்குள்ள தாய்மார் முகம் சுளிக்கலாம். ஆனால் உண்டு, சமபங்கு. கிறிஸ்தவக் குடும்பமாயின் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மக்களுக்கு மூன்றில் இரண்டு. மக்கள் இருக்கையில் தாய்க்குப் பங்கில்லை. முஸ்லிம் குடும்பமாயின், மக்கள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. மாநிலம் மாறினால் இந்தக் கணக்கு மாறாது. மாறுவது அலுவலகமும் முத்திரைத் தீர்வையும்தான். நம் மக்கள் சிக்கிக் கொள்வதும் அங்கேதான்.

தமிழ்நாட்டில் வாரிசுச் சான்று தருபவர் தாசில்தார். மராட்டிய மாநிலத்திலோ 1827ஆம் ஆண்டு பம்பாய் ஒழுங்குவிதியின்படி நீதிமன்றத்தில் வாங்க வேண்டும். ஊர்த் தாலுகா அலுவலகம் அந்தச் சகோதரியிடம், "வாழ்ந்ததும் இறந்ததும் மும்பையில், அங்கேயே வாங்கி வா" என்றது. இங்கே, "கோர்ட்டுக்குப் போ" என்றார்கள். நாகர்கோவில் வண்டியில் இரண்டு இரவுப் பயணம் போய்த் திரும்பி வந்தவருக்குக் கிடைத்தது இந்த விடைதான். பணத்துக்கு ஒரு வழி உண்டு. இறந்தவர் வழக்கமாக வசித்த இடத்து மாவட்ட நீதிமன்றம் தரும் 'சக்ஸெஷன் சர்டிபிகேட்' இந்தியா முழுவதும் செல்லும். ஆனால் அது வங்கிப் பணம், வர வேண்டிய கடன் போன்றவற்றுக்கு மட்டுமே, நிலத்துக்கு ஆகாது.

இதற்கு நடுவே பெயர்க் குழப்பம். ஊர்ப் பத்திரத்தில் முதலெழுத்தோடு சு. மாரியப்பன் என்றிருப்பவர், மும்பை இறப்புச் சான்றில் தகப்பன் பெயரும் ஒரு வாலும் சேர்ந்த வேறொருவர் ஆகிவிடுகிறார். அந்த வால் பல நேரம் சாதிப் பெயர். நாம் ஊரில் வெட்டி எறிந்ததை இங்கே ஒரு குமாஸ்தா ஒட்டிவிடுகிறார், நாமும் அதைத் திருத்தாமல் வந்துவிடுகிறோம்.

வரியைச் சொல்லிப் பயமுறுத்தும் தரகர்களும் இருக்கிறார்கள். இறப்பின் பேரில் சொத்துக்கு வரி 1953 முதல் இருந்தது உண்மை. 1985 மார்ச்சில் அது ஒழிந்தது. இன்று வாரிசாகச் சொத்து வந்ததற்கென்று இரு மாநிலங்களிலும் வரி இல்லை. இறந்தவர் வைத்த வருமான வரி பாக்கிக்கும், வாரிசு தமக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. பங்கை விட்டுக்கொடுத்து எழுதினால்தான் முத்திரைத் தீர்வை. ஊர் நிலத்துக்கு அது தமிழ்நாட்டுச் சட்டப்படி, நிலம் உள்ள இடத்துப் பதிவகத்தில்.

பரம்பரைச் சொத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் பங்கு தந்தது, ஆனால் அதற்கு முன் மணமானவளுக்கு இல்லை என்றது. அப்படி விலக்கப்பட்ட எத்தனையோ பெண்கள் கணவனோடு ரயிலேறி இங்கு வந்தவர்கள். 2005 செப்டம்பர் 9இல் வந்த மத்திய சட்டத்திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாகப் பாகம் பிரித்திருந்தால் மட்டும் அதைக் கிளற முடியாது.

இங்கே நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். யூனியன் மேடையில் உரிமை பேசுகிற நாம், லீவில் ஊருக்குப் போய், தகப்பனாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அக்கா தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வருகிறோமா இல்லையா? மேற்சொன்ன தம்பி வேறு யாருமல்ல, நம்மில் ஒருவர்தான்.

தமிழ்நாட்டு அரசு 2022 முதல் சனவரி 12ஐ அயலகத் தமிழர் நாள் என்று கொண்டாடியது. வெளிமாநிலத் தமிழரும் அதில் அடக்கம் என்றார்கள். அப்படியானால் நாம் கேட்பது இதுதான்: சொத்து ஊரில் இருக்கையில், வசித்தது வேறு மாநிலம் என்று சொல்லி வாரிசு மனுவைத் திருப்பக்கூடாது என்று ஒவ்வொரு தாசில்தாருக்கும் எழுத்து மூலம் உத்தரவு போக வேண்டும். மராட்டிய நீதிமன்றம் தரும் வாரிசுச் சான்றை மறு பேச்சில்லாமல் ஏற்க வேண்டும். சங்கம் இந்த மனுவை அனுப்புகிறது. கையெழுத்துப் போட வாருங்கள்.

வரும்போது வங்கிப் புத்தகம், சேமநல நிதிச் சீட்டு, காப்பீட்டுப் பத்திரம், ஊர்ப் பட்டா நகல் ஆகியவற்றை எடுத்து வாருங்கள். நாமினி யாரென்று சேர்ந்து பார்ப்போம். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம். உயிலுக்கு முத்திரைத் தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத் தாளும் இரண்டு சாட்சிகளும் போதும். பங்கு பெறுகிறவர் சாட்சியாக வேண்டாம். ஞாயிறு காலை பத்து மணி முதல் சங்க அலுவலகம் திறந்திருக்கும். மனைவியையும் அழைத்து வாருங்கள்.