ஒளித்துடிப்பின் வாலில் தெரியும் நியூட்ரான்

பண்ணைப்புரத்துக்கு அருகே, தேவாரம் பகுதியின் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதுமுதல் வட்டாரத்தில் நடக்கும் விவாதங்களில் நியூட்ரினோவும் நியூட்ரானும் அடிக்கடி கலந்துவிடுகின்றன. நியூட்ரினோ அநேகமாக எதனோடும் மோதாமல் பூமியையே ஊடுருவிப் போய்விடும். நியூட்ரான் அணுக்கருவுக்குள் இருக்கும் துகள். தனித்து விரைந்து வந்தால் அது உடலின் திசுக்களைப் பாதிக்கும். அது வந்திருப்பதை எப்படி அறிவது?

நியூட்ரானுக்கு மின்னேற்றம் இல்லை. ஆகவே கருவியால் அதை நேரடியாக உணர முடியாது. அது எதன்மீது மோதியது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதற்குச் சிண்டிலேட்டர் பயன்படுகிறது. மின்னேற்றமுள்ள துகள் ஊடே பாய்ந்தால் நொடிப்பொழுது ஒளிரும் பொருள் அது. ஹைட்ரஜன் நிறைந்த திரவச் சிண்டிலேட்டரில் நுழையும் நியூட்ரான் ஒரு புரோட்டானை இடித்துத் தள்ளும். ஓடும் புரோட்டான் ஒளியை எழுப்பும். ஒளிப்பெருக்கிக் குழாய் அந்த ஒளியை மின்துடிப்பாக மாற்றும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எங்கும் பரவியுள்ள காமா கதிரும் இதே திரவத்தில் எலக்ட்ரானைத் தள்ளி ஒளி எழுப்பும். துடிப்பின் உயரத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். வேறுபாடு துடிப்பு அடங்கும் விதத்தில் இருக்கிறது. தவிலின் அடி சட்டென அறும். வீணைத் தந்தி அதிர்ந்து மெல்ல ஓயும். எலக்ட்ரான் எழுப்பும் ஒளியின் பெரும்பகுதி சில நானோநொடிகளில் தீர்ந்துவிடும். நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. கனமான புரோட்டான் தன் தடத்தில் மூலக்கூறுகளை நெருக்கமாகக் கிளர்த்துவதால், தாமதமாக வரும் ஒளியின் பங்கு கூடும். துடிப்புக்கு நீண்ட வால் முளைக்கும்.

டிஜிட்டைசர் என்னும் மின்னணுக் கருவி சில நானோநொடிக்கு ஒருமுறை துடிப்பை அளந்து எண்களாக்கும். வாலின் பரப்பை மொத்தப் பரப்பால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். விகிதம் கூடுதலாக இருந்தால் நியூட்ரான், குறைவாக இருந்தால் காமா. ஆற்றல் மிகக் குறைந்த துடிப்புகளில் இரண்டும் கலந்துவிடும். அங்கே உறுதியாகச் சொல்ல இயலாது.

மும்பை டிராம்பேயில் துருவா அணு உலையருகே பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த இஸ்மிரான் கருவி வேறு வழியில் போகிறது. நியூட்ரினோவின் எதிர்த்துகளான எதிர்நியூட்ரினோ ஒரு புரோட்டானோடு மோதினால் பாசிட்ரானும் நியூட்ரானும் பிறக்கும். பாசிட்ரானின் ஒளி உடனே தெரியும். நியூட்ரானோ வேகம் தணிந்து, பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் கட்டைகளைச் சுற்றியுள்ள கடோலினியத்தில் சிக்கும். அப்போது காமா கதிர்கள் வெடித்துக் கிளம்பும். முன்னும் பின்னுமாக வரும் இந்த இணைத்துடிப்பைத்தான் கருவி தேடுகிறது. எதிர்நியூட்ரினோ வந்ததற்கு நியூட்ரான் இங்கே சாட்சி.

பொட்டிப்புரத்துக்குத் திட்டமிட்ட கருவி வேறு வகை: 50,000 டன் இரும்பு அடுக்குகள், அவற்றுக்கிடையே வாயு நிரப்பிய அறைகள். ஆய்வகத்துக்காக மலையைக் குடைந்தால் ஊற்றுகளுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு மின்துடிப்புகளில் விடை இல்லை. அது தனியே ஆராய வேண்டியது. கதிர்வீச்சைப் பற்றிய கேள்வியை மட்டும் அளந்து பார்க்கலாம். காஸ்மிக் கதிர்களால் வெட்டவெளியிலும் சிறிதளவு நியூட்ரான் எப்போதும் உண்டு. அந்த இயல்பான அளவை, எந்தப் பணியும் தொடங்கும் முன்பே எடுத்து ஊராருக்குக் காட்டுவது நல்லது என்று நினைக்கிறேன்.