மூவாயிரம் ரூபா பம்பர்!

போன வாரம் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி எழுதி, வார்டன்கிட்ட செமத்தியா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதனால இந்த வாரம் காலேஜ் காம்பவுண்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துட்டேன். வந்த இடத்துல... டமால்!

நிஜமாவே டமால்தான். வேளச்சேரி பக்கம் ஒரு சிக்னல். அப்பாவோட எட்டு வயசுக் காரை நான் ஓட்டுறேன், பக்கத்துல அம்மா. மஞ்சள் விழுந்ததும் சமர்த்தா நிறுத்தினேன். பின்னாடி வந்த கார் நிறுத்தலை. இறங்கிப் பார்த்தா பம்பர்ல நீளமா ஒரு கீறல், வலது பக்க டெயில் லேம்ப்ல விரிசல். அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிஞ்சது.

அந்தக் காரை ஓட்டி வந்த அங்கிளோட முதல் டயலாக் என்ன தெரியுமா? "சடன் பிரேக் போட்டா எப்படிம்மா?" நான் முறைச்சதும் சுருதி இறங்கிடுச்சு. "மிஞ்சிப்போனா மூவாயிரம் ஆகும். என் நம்பரை வச்சுக்கோ, வீட்டுக்குப் போனதும் பணம் அனுப்பிடறேன்." பின்னாடி பஸ் ஹார்ன் அடிக்குது. "விடுடி, போலாம்"னு அம்மா. நானும் கிளம்பிட்டேன். போட்டோ எடுத்தேனா? இல்லை. அவர் வண்டி நம்பரையாவது பார்த்தேனா? அதுவும் இல்லை. அவர் கொடுத்த நம்பர் அன்னியிலேர்ந்து ஸ்விட்ச்டு ஆஃப்!

மறுநாள் அப்பாவோட ஷெட்டுக்குப் போனேன். டிங்கரிங் அண்ணன் பம்பரை லேசா விலக்கி, டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினார். "மேலே ஒண்ணுமில்ல பாப்பா. உள்ளேதான் போயிருக்கு."

மெக்கானிக்கல் தேர்ட் இயர் படிக்கிற எனக்கு இது தெரிஞ்சிருக்கணும். வெட்கம்தான். நாம பம்பர்னு தட்டிப் பார்க்கிறது வெறும் பிளாஸ்டிக் மூடி. அடி வாங்கினதும் உள்ளே போயிட்டு, நல்ல பிள்ளை மாதிரி பழையபடி வெளியே வந்துடும். அதுக்குப் பின்னாடி இருக்கிற தகடு அப்படி இல்லை, ஒருமுறை மடங்கினா மடங்கினதுதான். வேகம் ரெண்டு மடங்கானா மோதற சக்தி நாலு மடங்குனு பிளஸ் ஒன்லயே படிச்சோமே... அதை இங்கே போட்டுப் பாருங்க. இருபதுல இடிச்சா கீறலோட போறது, நாற்பதுல இடிச்சா டிக்கித் தரையையே சுருட்டிடும்.

அண்ணன் சொல்லிக்கொடுத்த டெஸ்ட் ரொம்ப சிம்பிள். டிக்கிக் கதவைச் சுத்தி இருக்கிற இடைவெளி ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கா? கதவு பழைய சத்தத்தோட மூடுதா? ஸ்டெப்னியை வெளியே எடுத்துட்டுப் பாருங்க, கீழே தகடுல சுருக்கம் இருக்கா? இதுல ஒண்ணு இடிச்சாலும் மூவாயிரத்தை மறந்துடுங்க. எங்க வண்டியில இடைவெளி இடது பக்கம் விரல் நுழையற அளவு, வலது பக்கம் விசிட்டிங் கார்டு கூட நுழையலை.

எஸ்டிமேட் வந்தது. பம்பர் 3,200. டெயில் லேம்ப் 2,400. பின்பக்கத் தகடு வேலைக்கான பார்ட்ஸ் 7,000. பெயிண்ட் 6,000. லேபர் 3,400. மொத்தம் 22,000 ரூபாய்! அந்த மாசம் வீட்டுல இருந்த ரொக்கம் தம்பியோட ஹாஸ்டல் ஃபீஸுக்கானது. அப்பா எதுவும் பேசலை. திட்டியிருந்தா தேவலை.

"அதான் ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கேப்பா"னு நான் அடிச்சுவிட்டேன். ஃபுல்லுங்கறது நாம வச்ச பேரு பாஸ்! பாலிசியில அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. வண்டிக்கு வயசாக ஆக பார்ட்ஸுக்கும் தேய்மானம் கழிப்பாங்க. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரினா வண்டி புதுசா இருந்தாலும் பாதி காலி. கண்ணாடிக்கு மட்டும் கழிவே இல்லை, அது ஒரு புண்ணியம். தகடுக்கு வயசுக் கணக்கு. முதல் ஆறு மாசம் பூஜ்யம், அஞ்சு வருஷத்தைத் தாண்டினா பத்து வருஷம் வரைக்கும் 40 சதவிகிதம், அதுக்கு மேல பாதி. பெயிண்ட் பில் மொத்தமா இருந்தா, அதுல கால்வாசியைப் பெயிண்டோட விலைனு எடுத்துக்கிட்டு அதுல பாதியைக் கழிப்பாங்க. லேபருக்குக் கழிவு இல்லை. கடைசியா, 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்முக்கும் ஆயிரம் ரூபாய் நம்ம தலையில. அதுக்கு மேல உள்ள வண்டின்னா ரெண்டாயிரம்.

எங்க கணக்கைப் போட்டேன். பம்பருக்கு 1,600, லேம்புக்கு 1,200, தகடுக்கு 4,200, பெயிண்டுக்கு 5,250, லேபர் 3,400. கூட்டினா 15,650. ஆயிரத்தைக் கழிச்சா 14,650. மிச்சம் 7,350 அப்பா பாக்கெட்லேர்ந்து. 'ஜீரோ டெப்'னு கூடுதலா காசு கட்டி ஒரு சமாச்சாரம் வாங்கியிருந்தா தேய்மானம் கழிக்க மாட்டாங்க. ஆனா எட்டு வயசு வண்டிக்கு அதைக் கேட்டா பெரும்பாலும் சிரிப்பாங்க.

"சரி, 14,650 வருதே"னு துள்ளினேன். அப்பா கண்ணாடியைக் கழட்டிட்டு ஒரே கேள்வி கேட்டார். "நோ கிளெய்ம் போனஸ்?"

அதாங்க மேட்டரே! கிளெய்மே பண்ணாம இருந்தா, நம்ம வண்டி டேமேஜுக்குக் கட்டுற பிரீமியத்துல முதல் வருஷம் 20, அப்புறம் 25, 35, 45, 50 சதவிகிதம்னு தள்ளுபடி ஏறும். ஒரே ஒரு கிளெய்ம், மறுபடி பூஜ்யத்துலேர்ந்து! பரமபதத்துல பெரிய பாம்பு கடிச்ச மாதிரி. அப்பா 50-ல உட்கார்ந்திருந்தார். தள்ளுபடிக்கு முன்னாடி பிரீமியம் 5,000. கிளெய்ம் பண்ணினா அடுத்த வருஷம் 2,500 நஷ்டம், அதுக்கடுத்து 1,500, 1,250, 750, 250. மறுபடி 50-க்கு ஏறி வர்றதுக்குள்ள 6,250 ரூபாய் போயிடும். (பிரீமியம் வருஷா வருஷம் கொஞ்சம் மாறும், இது தோராயக் கணக்கு.) ஆக, கையில நிஜமா நிக்கிறது 8,400தான். அது போதும்னு கிளெய்ம் பண்ணினோம்.

இதையே கொஞ்சம் மாத்திப் பாருங்க. உள்ளே அடியே இல்லை, பம்பர் பெயிண்ட் மட்டும் 3,500னு வச்சுக்குங்க. கம்பெனி தர்றது ரெண்டாயிரத்து சொச்சம். அதுக்காக 6,250-ஐ விடுறதா? அந்தக் கேஸ்ல பேசாம கையிலேர்ந்து கட்டிட்டுப் போறதுதான் புத்திசாலித்தனம். வண்டி டேமேஜுக்கு பாலிசியே இல்லாம தேர்ட் பார்ட்டி மட்டும் வச்சிருக்கிறவங்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அவங்க வண்டிக்கு ஒரு பைசா வராது. ரொம்பப் பழைய வண்டியில பலமான அடின்னா வேற கதை. ரிப்பேர் செலவு, பாலிசியில போட்டிருக்கிற வண்டி மதிப்புல 75 சதவிகிதத்தைத் தாண்டினா, ரிப்பேரே பண்ணாம 'டோட்டல் லாஸ்'னு முடிச்சிடுவாங்க.

"இடிச்சவர் கொடுக்க வேண்டியதுதானே?"னு கேட்பீங்க. நியாயம்தான். முன்னாடி போற வண்டி திடீர்னு நின்னாலும் மோதாத அளவு இடைவெளி விடணும்னு 2017 வரைக்கும் இருந்த 1989 சாலை விதிகளே சொல்லிச்சு. 2018-ல ஒரு வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் அந்த விதியை எடுத்துக் காட்டியிருக்கு. அவரோட தேர்ட் பார்ட்டி பாலிசி மேல மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துல கேஸ் போட்டு வாங்கலாம், நம்ம போனஸும் தப்பிச்சிருக்கும். ஆனா ஆறு மாசத்துக்குள்ள போடணும், போலீஸ் ரெக்கார்டு வேணும், வாய்தாவுக்கு அலையணும். எல்லாத்துக்கும் முன்னாடி, யார் மேல போடறதுனு தெரியணுமே! என்கிட்ட இருந்ததோ ஒரு செத்துப்போன போன் நம்பர். ரெண்டு வண்டியும் நம்பர் பிளேட்டோட தெரியற மாதிரி நாலு போட்டோ, அவர் பாலிசியை ஒரு போட்டோ, ரெண்டு நிமிஷ வேலை. பஸ் ஹார்னுக்குப் பயந்து விட்டேன்.

இன்னொண்ணு. சர்வேயர் வந்து பார்க்கறதுக்கு முன்னாடி எதையும் கழட்டிடாதீங்க. பிரிச்சப்புறம் புதுசா அடி தெரிஞ்சா, மாத்தறதுக்கு முன்னாடியே அவருக்கு ஒரு போன் போட்டுக் கூப்பிட்டுக் காட்டிடுங்க. எங்க பின்பக்கத் தகட்டை டிங்கரிங் அண்ணன் அப்படித்தான் காப்பாத்திக் கொடுத்தார். சர்வேயர் சார் ஸ்கேலை வச்சு இடைவெளியை அளந்தப்போ, என் லேப்ல ஸ்கேலுக்கு இருக்கிற மரியாதையை நினைச்சு லேசா சிரிப்பு வந்துச்சு.

வண்டி பத்து நாள்ல வந்துடுச்சு. தம்பி ஃபீஸை அப்பா ஒரு வாரம் லேட்டாக் கட்டினார், ஃபைனோட. சாவியை இப்பவும் எனக்குத் தர்றார். ஆனா வீட்டுல என் பேரு மாறிப்போச்சு. "மூவாயிரம், சாப்பிட வா!"னுதான் தம்பி கூப்பிடறான்.