பாட்டியின் மாத்திரைப் பையை எப்போ கடைசியா திறந்து பார்த்தீங்க?

பெரம்பலூர் மாவட்டம் பாடாலூரில் ஒரு பாட்டிக்கு சுகர், பிரஷர் ரெண்டும் இருக்குன்னு வெச்சுக்குவோம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருது. ஒருநாள் தலைசுத்தல்னு திருச்சிக்கு அழைச்சிட்டுப் போறாங்க. தனியார் டாக்டர் புதுசா எழுதித் தர்றார். பழசையும் பாட்டி நிறுத்தலை. ‘அது கவர்மென்ட்டு மாத்திரை, இது திருச்சி மாத்திரை!’ ரெண்டும் ஒரே மருந்தா இருந்தா?

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. 2024-ல் ஐ.நா விருதும் வாங்கியது. பஸ் ஏற முடியாத முதியவர்களுக்குப் பெரிய ஆறுதல், சந்தேகமில்லை. ஆனா, வீட்டுக்கு வர்ற மாத்திரையும் வெளியில வாங்குற மாத்திரையும் சந்திக்கிற ஒரே இடம் பாட்டியின் மஞ்சப்பைதான். அதை யாரும் பார்க்கிறதில்லை.

அரசு மாத்திரை அட்டையில் மருந்தின் பெயர் இருக்கும். கடையில் வாங்கும் அட்டையில் மருந்தின் பெயரோட கம்பெனி வைத்த பெயரும் இருக்கும். டாக்டர் கையெழுத்தைக் கிண்டல் பண்ணிப் பண்ணியே, அச்சான எழுத்தையும் படிக்காம விட்டுட்டோம்! ரெண்டு அட்டையிலும் ‘கிளிமிபிரைடு’ இருந்தா டோஸ் இரட்டிப்பு. சர்க்கரை திடீர்னு இறங்கும். வியர்வை, நடுக்கம், குழப்பம். வயசானவங்க குழம்பிப் பேசினா ‘வயசாயிடுச்சு’ன்னு கடந்துடுறோம். ‘அம்லோடிபின்’ இரட்டிப்பானா பிரஷர் ரொம்பக் குறையலாம், கால் வீங்கலாம். வீக்கத்துக்கு இன்னொரு மாத்திரை சேரும்.

இதுக்கு நடுவுல மூட்டுவலிக்கு மெடிக்கல்ல ‘டைக்ளோஃபினாக்’. சீட்டு இல்லாம விற்கக் கூடாத மருந்து. ஆனா, கேட்டா கொடுக்கிற கடைகள் இருக்கே! பிரஷரை ஏத்தும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்பு முயற்சியில், பல மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிடுவதும் சிகிச்சை இடம் மாறுவதும் முக்கியக் கவலைகள். பாட்டி பையில் ரெண்டுமே இருக்கு.

இந்த ஞாயிறு பையைக் கொட்டுங்க. மருந்தின் பெயர் தெரியுற மாதிரி ஒவ்வொரு அட்டையையும் போட்டோ எடுங்க. அடுத்த தடவை அரசு, தனியார்னு எந்த டாக்டர்கிட்ட போனாலும் அதைக் காட்டுங்க. ஒரே பெயர் ரெண்டு தடவை வந்தா அடுத்த விசிட் வரை காத்திருக்காம உடனே கேளுங்க. எதை நிறுத்தணும்னு டாக்டர் சொல்லட்டும், நீங்களா நிறுத்தாதீங்க.

பாட்டி வியர்த்து நடுங்கினா, நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணி கொடுங்க. நினைவு தப்பினா வாயில எதையும் ஊத்தாம 108-ஐக் கூப்பிடுங்க. தெளிஞ்சுட்டாங்கன்னு வீட்டிலேயே இருந்துடாதீங்க. கிளிமிபிரைடு வேலை பல மணி நேரம் நீடிக்கும், சர்க்கரை மறுபடி இறங்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த மஞ்சப்பையும் கூடவே போகணும்.