பட்டம் வேறு, குடியுரிமை வேறு

முடியரசுகள் பல வீழ்ந்துபட்டன. முடிதாங்கிய குடும்பங்களோ இன்றும் உள்ளன. நாடிழந்த அரச மரபினர் ஒருவர் அயல்நாட்டு மன்றத்தின் முன் நின்றால் அந்நாட்டுச் சட்டம் அவரை எவ்வாறு நோக்கும்? அவர்தம் பட்டத்தை ஏற்குமா? குடியுரிமை நல்குமா? குடும்பக் கட்டளைப்படி உடைமையை இறங்க விடுமா? இவை வெறும் அரண்மனைப் பேச்சல்ல. பிறப்பினால் ஒருவர்க்குத் தனிமேன்மை உண்டா என்பதே இவ்வினாக்களின் உள்ளீடு.

இங்கிலாந்தில் நடந்த வழக்கொன்று இதனை நன்கு விளக்கும். ஆன் அரசிக்குக் கால்வழி இல்லையாயின், செருமானிய நாடான அனோவரின் சோபியாவுக்கும் அவர் வழியினர்க்கும் முடி சேரும் என 1701இல் அந்நாட்டு நாடாளுமன்றம் முடிவு செய்தது. அயலாரான அவர்களைத் தம்மவராக்க 1705இல் மற்றொரு சட்டம் இயற்றியது. கத்தோலிக்கர் நீங்கலாக, சோபியாவின் வழியில் பிறந்தாரும் இனிப் பிறப்பாரும் இங்கிலாந்தின் குடிகளே என்றது அச்சட்டம். அரசியின் வாழ்நாளிலேயே அவர்கள் அந்நாட்டுச் சட்டங்களை அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் முகப்பில் சொல்லப்பட்ட நோக்கம். 1714இல் அரசி மறைந்தார். சட்டமோ நீக்குவாரின்றிக் கிடந்தது.

அம்மரபில் 1914இல் பிறந்தவர் எர்னெசுட்டு அகசுட்டசு. முதல் உலகப்போரில் பகைவர் பக்கம் நின்றமையால், 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர் பாட்டனும் தந்தையும் தாங்கியிருந்த பிரித்தானியப் பட்டங்கள் 1919இல் பறிக்கப்பட்டன. ஆயினும், இரண்டாம் போருக்குப்பின், 1705ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, ‘யான் பிரித்தானியக் குடியே’ என்று அவர் வழக்காடினார். அரசியின் மறைவோடு அச்சட்டத்தின் நோக்கம் முடிந்தது என்றது அரசு. சட்டத்தின் சொற்கள் தெளிவாயிருக்க, முகப்புரை கொண்டு அவற்றைக் குறுக்கலாகாது என்று 1956இல் பெருமக்கள் அவை தீர்ப்பளித்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கியிருந்தும், அதற்குமுன் எய்திய உரிமை நிலைத்தது. ஒரே குடும்பத்தில் பட்டம் போயிற்று, குடியுரிமை நின்றது! இரண்டும் வேறென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பட்டத்தை ஒழிப்பதிலும் இருவழிகள் உண்டு. செருமனியின் 1919ஆம் ஆண்டு அரசமைப்பு, உயர்குடிப் பட்டங்களைப் பெயரின் உறுப்பாக மட்டும் விட்டுவைத்தது. புதியன வழங்குவதைத் தடுத்தது. ஆத்திரியாவோ அதே ஆண்டு ஏப்பிரல் திங்களில் இயற்றிய சட்டத்தால் பெயரிலிருந்தே அவற்றை அகற்றியது. உயர்குடி குறிக்கும் சிறு இடைச்சொல்லையும் விட்டுவைக்கவில்லை. செருமானியர் ஒருவர் மகளாக ஏற்றுக்கொண்ட ஆத்திரியக் குடிமகள் ஒருவர், ‘இளவரசி’ என்னும் சொல்லமைந்த பெயரைத் தாங்கி வந்தார். அச்சொல்லை நீக்க ஆத்திரியாவுக்கு உரிமையுண்டு, குடிமக்கள் அனைவரும் நிகர் என்னும் கோட்பாட்டைக் காத்தற்பொருட்டே அது செய்யப்படுகிறது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் முறைமன்றம் 2010இல் ஏற்றது.

உடைமையிலும் இப்போராட்டம் உண்டு. செருமானியப் பேரரசராயிருந்த ஓகன்சோலர் குடும்பத்தார் 1938இல் செய்த மரபுரிமை உடன்படிக்கை, நிகரான குடியில் மணவாதவர்க்குத் தலைமை உரிமையில்லை என்றது. உயர் முறைமன்றம் 1998இல் அதனைச் செல்லுமென்றது. 2004இல் செருமனியின் அரசமைப்பு மன்றமோ, விரும்பியவரை மணக்கும் உரிமையைச் சீர்தூக்கவில்லை என்று அத்தீர்ப்பைத் தள்ளியது. முன்னோர் கையெழுத்து, பின்னோர் நெஞ்சுக்கு விலங்காகலாமோ?

நம் நாட்டு நிலை யாது? இந்திய அரசமைப்பின் 18ஆம் பிரிவு, குடிமகன் எவனும் அயலரசு தரும் பட்டத்தை ஏற்றலாகாது என்கிறது. படைத்துறைக்கும் கல்விக்கும் உரியன தவிர, அரசும் பட்டம் வழங்கலாகாது. 1971ஆம் ஆண்டின் 26ஆம் திருத்தம், உள்நாட்டு மன்னர்தம் பட்ட ஏற்பையும் ஆண்டுக் கொடைப் பணத்தையும் ஒருங்கே நீக்கியது.

பட்டம் என்பது சொல்லே. அதற்கு உயிரூட்டுவது சட்டம். ஓர் அரசியின் வாழ்நாளுக்கென எழுதிய சொற்கள், இருநூற்றைம்பது ஆண்டு கடந்தும் மன்றத்தில் வென்றன என்பதை ஓர்க! எனவே பிறப்பு மேன்மை ஒழிக என்று மேடையில் முழங்குதல் போதாது. அம்மேன்மை எச்சட்டத்தில், எச்சொல்லில் ஒளிந்துள்ளது எனத் தேடி, அதனை வேரொடு களைதல் வேண்டும். பிறப்பால் அனைவரும் ஒப்பர் என்பதனைச் சட்டத்தின் சொல்லும் சொல்லட்டும்!