“அம்மா, ஓ.டி.பி வந்துச்சா?” - கடல் தாண்டியும் விடாத அந்த 10 நம்பர்!

ராத்திரி 2.10 மணி. அடையாறு. தலைமாட்டில் போன் அலறியது. எடுத்துப் பார்த்தால், டொராண்டோவிலிருந்து அக்கா. அந்த நேரத்துல வெளிநாட்டு கால் வந்தா மனசு எங்கெல்லாம் போகும்னு உங்களுக்கே தெரியும். “என்னாச்சுக்கா?”னு பதறினா, அந்தப் பக்கம் ரொம்ப கூலா, “ஒண்ணும் இல்லடா. ஓ.டி.பி வந்திருக்கும் பாரு. சீக்கிரம், மூணு நிமிஷம்தான்!”

அங்கே மதியம் 3.40. அவளுக்கு அது ஆபீஸ் பிரேக். எனக்கோ, பீரோவைத் திறந்து, பழைய பட்டன் போனைத் தேடி எடுத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே ஆறு எண்களை வாசிக்கிற வேலை. தூக்கக் கலக்கத்தில் 8-ஐ 3 என்று படித்துவிட்டேன். “மறுபடி அனுப்பச் சொல்றேன், தூங்கிடாதே” என்றாள். அதுக்கப்புறம் விடியும் வரை தூக்கம் வரலைங்கிறது தனிக்கதை.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் நாலு வீட்டுக்குள்ள போய்ப் பாருங்க. ஃப்ரிட்ஜ் மேலயோ, சாமி அலமாரியிலயோ இப்படி ஒரு போன் இருக்கும். யாரும் அதுல பேச மாட்டாங்க. பின்பக்கம் பிளாஸ்திரி ஒட்டி, ‘பெரியவன்’ என்றோ ‘பாப்பா’ என்றோ பேனாவால் எழுதியிருக்கும். ஆள் நியூ ஜெர்சியிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அவருடைய நம்பர் மட்டும் நம்ம ஊரிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும்.

“இது என்.ஆர்.ஐ-களோட பணக்காரப் பிரச்னை, நமக்கென்ன?”ன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. அடுத்த செமஸ்டருக்கு ஜெர்மனி போகப்போற உங்க ஃப்ரெண்டுக்கும், சவுதியில் வேலை பார்க்கிற உங்க சித்தப்பாவுக்கும் இதே கதைதான். அவங்களைவிட, இங்கே அந்த பட்டன் போனைக் காவல் காக்கிற அம்மா அப்பாவுக்குத்தான் இதுல ஆபத்து அதிகம். அதுக்குப் பிறகு வர்றேன்.

நல்ல எண்ணத்துலதான் ஆரம்பிச்சது!

ஆன்லைனில் பணம் கட்ட கார்டு நம்பர் மட்டும் போதாது, கூடுதலாக ஓர் உறுதிப்படுத்தல் வேண்டும் என்று 2009 ஆகஸ்ட் முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. முதலில் பாஸ்வேர்டாக இருந்த அந்த இரண்டாவது பூட்டு, போகப் போக எஸ்.எம்.எஸ்-ல் வரும் ஓ.டி.பி ஆனது. அப்போது பல நாடுகளில் கார்டு நம்பரைத் தட்டினாலே காசு போய்விடும். அந்த வகையில் நாம முன்னாடி நின்னோம்.

பிறகு ஆதார், டிஜிலாக்கர், வருமான வரி போர்ட்டல் என எல்லாரும் வந்து அதே கதவைத் தட்டினார்கள். 2025 ஜூலையிலிருந்து ஆன்லைனில் தட்கல் டிக்கெட் எடுக்கவே ஆதார் ஓ.டி.பி வேண்டும். மார்கழிக் கச்சேரிக்கு மயிலாப்பூர் வந்துட்டு, அப்படியே திருநெல்வேலிப் பாட்டியைப் பார்த்துட்டு வரலாம்னு நினைக்கிறவர், எழும்பூர் ஸ்டேஷனுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி சிம் கார்டைத் தேடணும்.

ஆதாரில் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. என்.ஆர்.ஐ-கள் விண்ணப்பத்தில் வெளிநாட்டு மொபைல் நம்பரைக் கொடுக்கலாம். ஆனால், அந்த நம்பருக்கு எஸ்.எம்.எஸ் அனுப்ப மாட்டார்கள். அதாவது, விலாசம் எழுதிக்கொள்வோம், கடிதம் போட மாட்டோம்!

பான் கார்டு கதை இதுக்கு அண்ணன். பானையும் ஆதாரையும் இணைக்கும் கட்டாயத்திலிருந்து என்.ஆர்.ஐ-களுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் 2023 ஜூலையில் அவர்களில் பலருடைய பான் செயலிழந்தது. ஏன்னா, ‘நான் இப்போ இந்தியாவில் வசிக்கவில்லை’ என்று அவர்கள் வருமான வரித்துறையிடம் சொல்லியிருக்கவில்லை. விலக்கு இருக்கு, ஆனா உங்களுக்கு விலக்கு இருக்குன்னு நீங்கதான் வந்து சொல்லணும்.

சரி, அந்த நம்பர் யாருக்குச் சொந்தம்?

பேங்க், பான், ஆதார், பி.எஃப் என எல்லாத்தையும் ஒரு போன் நம்பரில் கட்டி வெச்சாச்சு. அந்த நம்பர் உங்களுடையதா? வாடகை வீடு மாதிரிதான். ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் தப்பிக்கலாம். இது 2013-ல் டிராய் கொண்டுவந்த விதி. துண்டித்த நம்பர் அப்படியே கிடக்காது. இன்னொருவருக்குப் போகும்.

இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாள்களுக்கு வேறு யாருக்கும் தர மாட்டார்கள் என்று டிராய் பதில் சொன்னது. 2023 நவம்பரில் வழக்கு முடிந்தது. தன்னுடைய தகவலைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டியது பழைய வாடிக்கையாளரின் பொறுப்பு என்பது கோர்ட்டின் நிலைப்பாடு. மூணு மாசம் சும்மா கிடந்து, இன்னும் மூணு மாசம் கழிஞ்சா, வேளச்சேரியில் புது சிம் வாங்குகிற யாரோ ஒரு காலேஜ் பையனுக்கு டல்லாஸில் இருப்பவரின் பேங்க் மெசேஜ் வரத் தொடங்கலாம். அந்தப் பையன் மேல எந்தத் தப்பும் இல்ல.

“சிம்மை கையோடு எடுத்துட்டுப் போனா முடிஞ்சுதே?”ன்னு நீங்க கேட்கலாம். அங்கேதான் கேட்ஜெட் குறுக்கே வருது. 2022-ல் வந்த ஐபோன் 14-லிருந்து அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் போடும் தட்டே கிடையாது. எல்லாம் இ-சிம். இதே ஐபோன் ஹாங்காங்கில் வாங்கினால் இரண்டு சிம் போடலாம் என்பது இன்னொரு கூத்து. போன வேகத்துல அங்கே புது போன் வாங்கினவர், கையில் இருக்கிற சென்னை சிம்மை எங்கே சொருகுவார்? இ-சிம்மாக மாற்றலாம். ஆனா அதை உறுதி செய்யும் மெசேஜ் பெரும்பாலும் அந்தப் பழைய சிம்முக்குத்தான் வரும். அதனாலதான் சிம் திரும்பவும் சென்னைக்கே வந்து, பட்டன் போனுக்குள்ள உட்கார்ந்துடுது.

துபாய்க்காரர்களுக்கு எக்ஸ்ட்ரா ஒரு முட்டுக்கட்டை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், வாட்ஸ்அப் கால் போகாது. “அம்மா, நம்பரைப் படி”ன்னு கூப்பிட்டுக் கேட்க முடியாது. அம்மா டைப் பண்ணி அனுப்பணும். மூணு நிமிஷத்துக்குள்ள.

இதுக்கு நடுவுல 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், நம்ம சோஹோவின் அரட்டை உள்ளிட்ட ஆப்களுக்கு 90 நாள் கெடு. எந்த நம்பரில் கணக்கு தொடங்கினார்களோ, அந்த சிம் அதே போனுக்குள் இருந்தால் மட்டுமே ஆப் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் உத்தரவு. காரணமும் நியாயமானது. இந்திய நம்பரில் வாட்ஸ்அப் தொடங்கி, சிம் இல்லாமலேயே வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடி செய்கிறார்கள். ரோமிங்கில் சிம்மைப் போனுக்குள்ளேயே வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஆனால், சிம் மயிலாப்பூர் அலமாரியிலும் வாட்ஸ்அப் மெல்பர்னிலும் இருக்கிற ஒரு மகளுக்கும், கம்போடியாவில் உட்கார்ந்திருக்கிற மோசடிக்காரனுக்கும் இந்த விதியால் வித்தியாசம் பார்க்க முடியாது.

அம்மாவுக்கு நாம சொல்லிக்கொடுத்த ரெண்டு பாடம்

இப்போ அந்த பட்டன் போன் பக்கம் வருவோம். நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு நாம ஒரே நேரத்துல ரெண்டு பாடம் நடத்துறோம். பாடம் ஒன்று: “யார் கேட்டாலும் ஓ.டி.பி சொல்லாதீங்க.” பாடம் இரண்டு: “அம்மா, ஓ.டி.பி வந்துச்சா, சீக்கிரம் சொல்லு!”

முதல் பாடத்தை வருஷத்துக்கு ஒருமுறை, ஏதாவது மோசடிச் செய்தி வந்தால் வாட்ஸ்அப் ஃபார்வர்டு மூலம் நடத்துகிறோம். இரண்டாவது பாடம் வாரத்துக்கு ரெண்டு பிராக்டிகல் கிளாஸ். எது மனசுல பதியும்? அவசரமா ஒரு கால் வரும், குரல் விட்டு விட்டுக் கேட்கும், காரணம் கேட்காம ஆறு நம்பரைப் படிக்கணும், லேட் பண்ணா திட்டு விழும். அதாவது, ஒரு மோசடிக்காரன் என்ன எதிர்பார்ப்பானோ, அதுக்கு நம்ம அம்மாவை நாமே டிரெயின் பண்ணி வெச்சிருக்கோம். குரலையே போலியாகச் செய்யும் ஏ.ஐ காலத்துல, ‘என் புள்ள குரல் எனக்குத் தெரியாதா?’ங்கிற நம்பிக்கையும் பழைய மாதிரி உதவாது.

பணம் போனால் என்ன ஆகும் என்பதையும் தெரிஞ்சுக்கோங்க. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே பகிர்ந்ததால் பணம் போயிருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான நஷ்டம் முழுவதும் வாடிக்கையாளர் தலையில்தான். சொன்ன பிறகு நடக்கும் நஷ்டம்தான் வங்கியுடையது. மகனுக்காகப் படித்தேன் என்று அம்மா சொல்லும் விளக்கத்துக்கு எந்தப் படிவத்திலும் இடம் கிடையாது. நடந்துவிட்டால், அழுதுகொண்டு உட்காராமல் உடனே வங்கிக்கும் 1930-க்கும் போன் செய்ய வேண்டும். அந்த 1930-ஐயும் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டிடுங்க.

வேற வழியே இல்லையான்னா, இருக்கு. சிங்கப்பூரில் 2024 ஜூலையில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் சேர்ந்து, டிஜிட்டல் டோக்கன் பயன்படுத்துபவர்களுக்கு வங்கி லாகின் ஓ.டி.பி-யை மூன்று மாதத்தில் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தார்கள். போனில் இருக்கும் வங்கி ஆப்பே சாவி. நம்ம ரிசர்வ் வங்கியும் 2025 செப்டம்பரில் புது விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-ல் இருந்து நடைமுறை என்று அதில் தேதி குறித்தது. எஸ்.எம்.எஸ் ஓ.டி.பி-யை ஒழிக்கவில்லை. கைரேகை, ஆப் டோக்கன் போன்ற வேறு வழிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. அந்தக் கதவு வழியா எந்த வங்கி எவ்வளவு வேகமா நடக்கும்ங்கிறதுதான் விஷயம்.

யு.பி.ஐ-யில் ஏற்கெனவே கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், வளைகுடா நாடுகள் சில என 10 நாடுகளின் மொபைல் நம்பரிலேயே, என்.ஆர்.இ அல்லது என்.ஆர்.ஓ கணக்கை இணைத்து யு.பி.ஐ பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில் என்.பி.சி.ஐ அனுமதித்தது. ஜெர்மனி அந்த முதல் பட்டியலில் இல்லை. என் கேள்வி சிம்பிள்: கபாலி கோயில் வாசலில் 30 ரூபாய்க்கு மல்லிப்பூ வாங்க கனடா நம்பர் போதும் என்றால், ஆதாருக்கு மட்டும் ஏன் போதாது?

அதுவரைக்கும் நாமதான் சமாளிக்கணும். கிளம்புறதுக்கு முன்னாடி, சிம் கையில் இருக்கும்போதே இங்கேயே அதை இ-சிம்மா மாத்திடுங்க. வெறும் கால், எஸ்.எம்.எஸ்-க்கு மட்டுமான பேக்கும் தர வேண்டும், ஒரு வருஷம் வரை வேலிடிட்டி தரலாம் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி மாற்றியிருக்கு. ஓ.டி.பி-க்காக மட்டும் உயிரோடு இருக்கிற நம்பருக்கு அது போதும். வங்கியில் என்.ஆர்.ஓ-வாக மாற்றாத பழைய சேவிங்ஸ் கணக்கு இருந்தா மாத்துங்க. சட்டப்படி அது கட்டாயம். அப்படியே வெளிநாட்டு நம்பரையும் கேட்டுப் பதிவு பண்ணுங்க.

நாங்க வீட்டுல ஒரு ரகசிய வார்த்தை வெச்சோம். ஓ.டி.பி கேட்டு யார் கூப்பிட்டாலும், அந்த வார்த்தையைச் சொன்னாதான் அம்மா நம்பரைப் படிக்கணும். என்ன வார்த்தைன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டேன், ஒரு டிபன் அயிட்டம்.

போன டிசம்பர்ல அக்கா வந்தா. இந்தத் தடவை சிம்மை இ-சிம்மா மாத்தியே தீருவதுன்னு பாண்டி பஜார் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். முக்கால் மணி நேரம் வரிசை. கவுன்டர்ல இருந்த பையன் எல்லா விவரத்தையும் தட்டிட்டு, “இப்போ உங்க நம்பருக்கு ஒரு மெசேஜ் வரும் மேடம், அதைச் சொல்லுங்க” என்றான். அக்கா என்னைப் பார்த்தா. நான் அக்காவைப் பார்த்தேன். பட்டன் போன் அடையாறுல பீரோவுக்குள்ள.

அக்காவே அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். “அம்மா, ஓ.டி.பி வந்துச்சா? சீக்கிரம்!”

“வந்திருக்கு. முதல்ல அந்த வார்த்தையைச் சொல்லு.”

“எந்த வார்த்தை?”

அவளுக்கு அதைச் சொல்ல நான் மறந்தே போயிருந்தேன். நான் போனைப் பிடுங்கி, கடை முழுக்கக் கேட்கும்படி அந்த டிபன் பெயரைக் கத்துறதுக்குள்ள அம்மா கட் பண்ணிட்டாங்க.